அஞ்சும் கையும் காணும் கண்ணும்: திகில் விளையாட்டு திரைப்படமாகும்போது நிகழும் மெய்ப்பாட்டு மாற்றம் – ‘கேம் ஓவர்’ திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வீடியோ கேம் என வழங்கும் நிகழ்பட விளையாட்டுகளுள் திகில் வகையைச் சார்ந்தவை உலக மொழிகளில் தொடர்ந்து திரைப்படங்களாகி வருகின்றன. இத்தழுவல்களைக் கதை ஒப்புமை கொண்டு மட்டும் மதிப்பிடும் வழக்கம் போதுமானதன்று என இக்கட்டுரை வாதிடுகிறது. விளையாட்டில் அச்சம் விளையாடுவோரின் செயலை மாற்றுகிறது; திரையரங்கில் பார்வையாளரின் அச்சம் திரையில் எதையும் மாற்றுவதில்லை. இவ்விடைவெளியை ஒரு திரைப்படம் எவ்வாறு ஈடுசெய்கிறது என்பதே தழுவலின் உண்மையான சோதனை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலையும் அதன் உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு இச்சிக்கல் விளக்கப்படுகிறது. அசுவின் சரவணன் இயக்கிய ‘கேம் ஓவர்’ (2019) முதன்மைச் சான்றாகவும், ‘சைலண்ட் ஹில்’, ‘டிடென்ஷன்’, ‘எக்சிட் 8’ முதலியன ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன. மதுரைச் சமவெளியின் வாய்மொழி அச்ச மரபு இத்தகைய தழுவலுக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தழுவல், அச்சம், மெய்ப்பாடு, பண்ணை, நிகழ்பட விளையாட்டு, திகில் திரைப்படம், விலக்கு.

1. முன்னுரை

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைக் கடந்து வடக்கே அமைந்த ஊர் கொட்டாம்பட்டி. அவ்வூரை உள்ளிட்ட மதுரைச் சமவெளியிலும், பொதுவாகத் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றிலும், இரவில் கறிச்சோறு எடுத்துச் செல்வோர் அதன்மேல் ஓர் அடுப்புக்கரித் துண்டையோ இரும்பையோ வேப்பிலைக் கொத்தையோ வைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் உண்டு. ஏன் என்று கேட்டால் நீண்ட கதை எதுவும் கிடைப்பதில்லை. வைக்க வேண்டும், வைக்காவிட்டால் பின்தொடரும். அவ்வளவே. இவ்வழக்கத்தில் அச்சம் ஒரு விதியாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. அவ்விதியைக் கடைப்பிடிப்பதும் மீறுவதும் வழிநடப்போரின் கையில் உள்ளன.

திகில் வகை நிகழ்பட விளையாட்டின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. விளையாடுவோருக்கு முதலில் தரப்படுவது விதி. எங்கே நிற்கலாம், எதைத் தொடலாகாது, எப்போது மூச்சடக்க வேண்டும், எத்தனை முறை தவறலாம் என்பனவே அங்கு அச்சத்தைப் பிறப்பிக்கின்றன. கதை அவ்விதிகளினூடே மெல்லப் புலப்படும்.

இத்தகைய ஆக்கம் திரைப்படமாகும்போது விதியைக் கையாளும் கை அகற்றப்பட்டு, காணும் கண் மட்டும் எஞ்சுகிறது. நாவல் திரைப்படமாகும்போது எழும் சிக்கலிலிருந்து இது வேறானது. நாவலின் வாசகர் கதைமாந்தரின் முடிவுக்குப் பொறுப்பாளர் அல்லர். விளையாடுவோரோ பொறுப்பாளர் ஆவர். பறிக்கப்பட்ட இப்பொறுப்பு திரைப்படத்தில் யாரிடம் சேர்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

2. பண்ணையும் மெய்ப்பாடும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், முப்பத்திரண்டு பொருள்கள் ‘பண்ணை’யில் தோன்றுவதாகக் கூறித் தொடங்குகிறது. பண்ணை என்னும் சொல் விளையாட்டு என்னும் பொருளுடையது என்பதை உரியியல் உணர்த்துகிறது. உணர்வுகளைப் பற்றிய தமிழின் முதன்மையான இலக்கணம் விளையாட்டைக் களமாகக் கொண்டு தொடங்குவது, இன்றைய விளையாட்டு வடிவங்களை ஆராய்வோர் கருதத்தக்கது. பேராசிரியர் இப்பண்ணையை, வேந்தர் முதலானோர் ஆடலும் பாடலும் கண்டும் கேட்டும் இன்புறும் விளையாட்டாக விளக்குகிறார். அவ்விளக்கத்தில் ஆடுவோர் வேறு, காண்போர் வேறு. இன்பம் காண்போர்க்குரியது.

எண்வகை மெய்ப்பாடுகளும் நான்கு நிலைகளால் பெருகி முப்பத்திரண்டாவதை உரையாசிரியர்கள் விளக்குவர். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் வேறுபாடாகிய சத்துவம் என்பன அந்நான்கு. புலியைக் காணும் ஒருவனைக் கொண்டு இதனை விளக்கலாம். புலி பொருள், கண்டது பொறியுணர்வு, உள்ளம் நடுங்கியது குறிப்பு, மெய்ம்மயிர் சிலிர்த்து உடல் நடுங்கியது சத்துவம். அஞ்சியவனிடத்து நிகழும் அச்சம் சத்துவத்தால் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என்பது இளம்பூரணர் விளக்கத்தின் சாரம். ஆகவே மெய்ப்பாடு என்னும் கருத்திலேயே அஞ்சுவோன், காண்போன் என்னும் இருவர் அடங்கியுள்ளனர். திரைப்படத்துக்கு இவ்விலக்கணம் எளிதில் பொருந்துகிறது.

நிகழ்பட விளையாட்டில் இவ்வொழுங்கு மாறுகிறது. அங்கு அஞ்சுவோரும் காண்போரும் ஒருவரே. அதனினும் முக்கியமான மாற்றம் ஒன்றுண்டு. உரையாசிரியர் கூறும் நான்கு நிலைகள் பொருளில் தொடங்கிச் சத்துவத்தில் முடிகின்றன. உடல் நடுக்கமே இறுதி விளைவு. விளையாட்டிலோ அந்நடுக்கம் அடுத்த நிகழ்வுக்குக் காரணமாகிறது. அச்சத்தால் விரல் தடுமாறினால் கதவு மூடப்படாது. கதவு மூடப்படாவிட்டால் ஆட்டத்தில் இறப்பு நேரும். இறப்பு அச்சத்தைப் பெருக்கும். சத்துவம் மீண்டும் பொருளாகிச் சுழல்கிறது. இதனைச் ‘சத்துவச் சுழற்சி’ என இக்கட்டுரை குறிக்கிறது. திகில் விளையாட்டின் தனித்தன்மை இச்சுழற்சியில் உள்ளது. திரையரங்கில் பார்வையாளர் எத்துணை நடுங்கினும் படச்சுருள் தன் வழியே ஓடும். எனவே தழுவலில் முதலில் அறுபடுவது இச்சுழற்சியே.

அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைத் தொல்காப்பியம் வகுக்கிறது. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை, கொல்லும் உயிரினங்கள், தீங்கு செய்யும் மனிதர், மேலிருந்து ஆளும் அதிகாரம் என இன்றைய நோக்கில் இவற்றை விரித்துக்கொள்ளலாம். ஒரு விளையாட்டு எக்களத்தில் அச்சத்தை வைத்தது, அதன் திரைப்படம் எக்களத்துக்கு அதனை மாற்றியது என்று காண்பது தழுவலை அளக்கும் பயனுள்ள கருவியாகிறது.

3. தழுவல்கள் இழந்தவையும் ஈடுசெய்தவையும்

கேப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) விளையாட்டில் துப்பாக்கிக் குண்டுகள் குறைவு. ஆட்டத்தைச் சேமிப்பதற்குத் தட்டச்சுப் பொறியும் அதற்குரிய மைநாடாவும் வேண்டும். மைநாடாவும் எண்ணிக்கையில் அளவுடையதே. இப்பற்றாக்குறையே அங்கு அச்சத்தின் ஊற்று. பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இயக்கிய திரைப்படம் (2002) விளையாட்டில் இல்லாத ஆலிஸ் என்னும் போர்த்திறம் மிக்க பெண்ணை முதன்மை மாந்தராக்கியது. நடைபிணங்களும் வெறிநாய்களும் திரைக்கு வந்தன, பற்றாக்குறை வரவில்லை. விலங்கு என்னும் களம் காக்கப்பட்டது. சத்துவச் சுழற்சி கைவிடப்பட்டது. 2016 வரை ஆறு படங்களாக நீண்ட அவ்வரிசை வணிக வெற்றி பெற்றது உண்மையே. ஆனால் அது திகிலிலிருந்து சண்டைப் படத்துக்கு இடம்பெயர்ந்து பெற்ற வெற்றி.

கொனாமி நிறுவனத்தின் ‘சைலண்ட் ஹில்’ (1999) விளையாட்டில் ஊரை மூடும் பனிமூட்டம் அக்காலப் பிளேஸ்டேஷன் கருவியின் வரைதிறக் குறைபாட்டை மறைக்கவும் உதவியது. தொலைவில் உள்ளவற்றைக் கருவியால் வரைய இயலாமை, தொலைவில் உள்ளதைக் காண இயலாத அச்சமாக மாறியது. கிறிஸ்டோஃப் கான்ஸ் இயக்கிய திரைப்படத்துக்கு (2006) அக்கருவித் தடை இல்லை. எனினும் மூட்டத்தை அது காத்தது. மகளைத் தேடும் தந்தை திரைப்படத்தில் தாயாக மாற்றப்பட்டார். தோற்றத்தில் நெருக்கமான தழுவல் இது. ஆயினும் மூட்டத்துக்குள் அடியெடுத்து வைப்பதா வேண்டாவா என்னும் தயக்கம் விளையாடுவோருக்குரியதாக இருந்தது. திரையில் அது அழகிய காட்சியாக நின்றுவிட்டது.

இவ்விரண்டுக்கும் மாறான சான்று தைவான் நாட்டிலிருந்து வருகிறது. ரெட் கேண்டில் கேம்ஸ் குழுவின் ‘டிடென்ஷன்’ (2017) விளையாட்டு, 1960களில் இராணுவச் சட்டத்தின்கீழ் இருந்த தைவானின் பள்ளி ஒன்றில் நிகழ்கிறது. தடைசெய்யப்பட்ட நூல்களை மறைவாகப் படிக்கும் குழுவை மாணவி ஒருத்தி காட்டிக்கொடுத்துவிடுகிறாள். பேய்கள் கடக்கும்போது விளையாடுவோர் மூச்சடக்கி நிற்க வேண்டும். ஆட்டத்தின் இறுதியில், தன் குற்றத்தை அவள் ஏற்கிறாளா மறுக்கிறாளா என்பதை விளையாடுவோர் அளிக்கும் விடைகள் முடிவுசெய்கின்றன. அதற்கேற்ப முடிவும் வேறுபடுகிறது. ஜான் ஷூ இயக்கிய திரைப்படம் (2019) நாட்டார் சமயக் கூறுகளைக் குறைத்து, அரச வன்முறையை முன்னிறுத்தியது. தொல்காப்பிய வகைப்பாட்டில் கூறுவதாயின், அச்சம் அணங்கிலிருந்து தம் இறைக்கு இடம்பெயர்ந்தது. 56ஆவது தங்கக் குதிரை விருது விழாவில் தழுவல் திரைக்கதைக்கான விருது உட்பட ஐந்து விருதுகளை அப்படம் பெற்றது. மூச்சடக்குதல் என்னும் விளையாட்டு விதி, பேசாதிருத்தல் என்னும் சமூக விதியின் உருவகம் என்பதை அத்தழுவல் உணர்ந்திருந்தது. கை இழந்த பொறுப்பை வரலாற்று நினைவு ஏற்றுக்கொண்டது.

‘எக்சிட் 8’ (விளையாட்டு 2023, திரைப்படம் 2025) இதே நெறியில் மேலும் எளிய சான்று. சுரங்கப்பாதை ஒன்றில் நடக்கும்போது வழக்கத்துக்கு மாறான ஏதேனும் தென்பட்டால் திரும்ப வேண்டும். இல்லையேல் தொடர வேண்டும். விளையாட்டில் இதற்குமேல் கதை இல்லை. கென்கி கவாமுரா இயக்கிய படத்தின் நாயகன், தொடக்கத்தில் தொடர்வண்டியில் குழந்தையுடன் வரும் தாய் ஒருத்தி பிறரால் கடிந்துரைக்கப்படுவதைக் கண்டும் காணாதிருப்பவன். ‘மாறுபட்டதைக் கவனியாது கடக்காதே’ என்னும் ஆட்டவிதி அவன்முன் அறவிதியாகத் திரும்பி வருகிறது. விதி காக்கப்பட்டது; அதன் பொருள் விரிந்தது.

இச்சான்றுகள் ஒரு முடிவைச் சுட்டுகின்றன. மாந்தரையும் இடத்தையும் காட்சியையும் பெயர்க்கும் தழுவல் விளையாட்டின் தோலைப் பெயர்க்கிறது. விதியைப் பெயர்த்து அதற்கு வாழ்வில் ஓர் இணை காணும் தழுவல் அதன் அச்சத்தைப் பெயர்க்கிறது.

4. ‘கேம் ஓவர்’: விளையாட்டு வடிவத்தின் தழுவல்

4.1 படமும் அதன் அமைப்பும்

அசுவின் சரவணன், காவ்யா ராம்குமார் ஆகியோர் எழுத, அசுவின் சரவணன் இயக்கத்தில் 2019 ஜூன் 14 அன்று தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த படம் ‘கேம் ஓவர்’. இது குறிப்பிட்ட ஒரு விளையாட்டின் கதையைத் தழுவியதன்று. நிகழ்பட விளையாட்டு என்னும் வடிவத்தையே தழுவியது. அவ்வகையில் தமிழ்ச் சூழலில் இச்சிக்கலை ஆராய இதுவே பொருத்தமான சான்றாகிறது.

டாப்ஸி பன்னு ஏற்ற ஸ்வப்னா என்னும் பாத்திரம் விளையாட்டு வடிவமைப்பாளர். ஓராண்டுக்கு முன் புத்தாண்டு இரவில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். இருளைக் கண்டு அஞ்சுபவள். அந்நாள் மீண்டும் நெருங்க நெருங்க அவள் உடல் பழைய துன்பத்தைத் தானாகவே மீள நிகழ்த்துகிறது. பெற்றோரோ நிகழ்ந்ததற்கு அவளையே பழிக்கின்றனர். வினோதினி வைத்தியநாதன் ஏற்ற கலாம்மா என்னும் பணிப்பெண் மட்டுமே அவளுக்குத் துணை. தன்னுயிர் மாய்க்க முயன்று கால்கள் முறிந்த ஸ்வப்னா சக்கர நாற்காலியில் அமர்கிறாள். அவள் கையில் குத்திய பச்சையின் மையில், கொலையுண்ட அமுதா என்னும் பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்திருப்பது தெரியவருகிறது. பின்னர் முகமூடி அணிந்த கொலையாளிகள் வீட்டுக்குள் நுழைகின்றனர். ஸ்வப்னா இறக்கிறாள், விழிக்கிறாள். அவளுக்கு மூன்று உயிர்கள்.

4.2 ‘பேக்-மேன்’ என்னும் உள்ளமைப்பு

படத்தில் ஸ்வப்னா விளையாடும் ‘பேக்-மேன்’, 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு. அதனைத் திகில் விளையாட்டாக எவரும் வகைப்படுத்துவதில்லை. ஆயினும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், வெளியேற இயலாத சிக்கல்வழி, துரத்தும் நான்கு பேய்கள், வழக்கமாகத் தரப்படும் மூன்று உயிர்கள் எனத் திகிலின் கூறுகள் அனைத்தும் அங்கு உள்ளன. பெரிய புள்ளியை உண்டால் சிறிது நேரத்துக்கு உறவு தலைகீழாகும். துரத்தியவை ஓடும், ஓடியவன் துரத்துவான்.

திரைப்படத்தின் இறுதிப் பகுதி இவ்வமைப்பை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கிறது. வீடு சிக்கல்வழியாகிறது. மூன்று உயிர்கள் வரிசையாகச் செலவாகின்றன. இறுதி வாய்ப்பில் ஸ்வப்னாவும் கலாம்மாவும் எதிர்த்து நிற்க, துரத்தல் தலைகீழாகிறது. அறையின் ஓரத்தில் பொழுதுபோக்காகக் காட்டப்பட்ட விளையாட்டு, படத்தின் இலக்கணமாக விரிகிறது.

சக்கர நாற்காலியும் இவ்வகையில் கருதத்தக்கது. ஸ்காட் காதனின் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெட்டிஸ்’ (2014) விளையாட்டில் இரவுக் காவலர் தன் இருக்கையை விட்டு நகர இயலாது. கண்காணிப்புத் திரைகள், இரண்டு கதவுகள், குறைந்துகொண்டே வரும் மின்சாரம் ஆகியவையே அவருக்குள்ள கருவிகள். எம்மா டாமி இயக்கிய அதன் திரைப்படம் (2023) காவலரின் குடும்பச் சிக்கலையும் கனவுகளையும் விரித்து, அவரை அவ்விருக்கையிலிருந்து எழுப்பிவிட்டது. ‘கேம் ஓவர்’ அவ்விளையாட்டைத் தழுவாமலே, அதன் அடிப்படையான நகரவியலாமையைத் தன் நாயகியின் உடலில் வைத்தது.

4.3 நினைவு யாருடையது?

விளையாட்டில் இறந்து மீளும் கதைமாந்தருக்கு முந்தைய இறப்பு நினைவில் இல்லை. நினைவு விளையாடுவோரிடம் தங்குகிறது. எக்கதவுக்குப் பின் ஆபத்து உள்ளது என்பதை அவர் விரல்கள் அறியும். திரைப்படத்தில் விளையாடுவோர் இல்லாமையால் அந்நினைவைக் கதைமாந்தர்மேல் ஏற்ற வேண்டியுள்ளது. ஸ்வப்னா தன் இறப்புகளை நினைவில் கொண்டே விழிக்கிறாள். இம்மாற்றம் கதை வசதிக்காக நிகழ்ந்ததாகத் தோன்றலாம். ஆனால் படத்தின் பொருட்செறிவு இங்குதான் உள்ளது.

பெருந்துன்பத்துக்கு ஆளானவரிடம் அத்துன்பம் விருப்பமின்றி மீள்கிறது. விளையாடுவோர் தோல்வியை விரும்பியே மீள்கிறார். இரண்டும் மீள்வுகளே, ஒன்றில் ஆட்சி இல்லை, மற்றொன்றில் ஆட்சி உண்டு. படத்தின் முற்பகுதியில் ஸ்வப்னாவின் உடல் நடுக்கம் அவள் ஆட்சிக்கு உட்படாத மீள்வு. பிற்பகுதியில் அவள் அடுத்தடுத்த உயிர்களில் பெறுவது, முன்னறிந்து எதிர்கொள்ளும் மீள்வு. முன்னதைப் பின்னதாக மாற்றுவதே படத்தின் கதைப்போக்கு. விளையாட்டின் தோல்வி விதிக்கு உளவியலில் ஓர் இணை இவ்வாறு காணப்பட்டது.

மேலே குறித்த சத்துவச் சுழற்சியும் இங்கு மீட்கப்படுகிறது. ஸ்வப்னாவின் அச்சம் காண்போர்க்குப் புலனாகும் மெய்ப்பாடாக நிற்பதோடு, நிகழ்வின் காரணமாகவும் செயற்படுகிறது. அவள் திகைத்து நின்றால் ஓர் உயிர் போகும். மூச்சை நிலைப்படுத்தினால் ஓர் அடி முன்னேறலாம். விளையாடுவோரின் விரல் நடுக்கம் கதைமாந்தரின் உடல் நடுக்கமாக இடம்பெயர்ந்துள்ளது. பார்வையாளர் எதையும் மாற்ற இயலாதவராகவே இருக்கிறார். ஆனால் அச்சம் ஒன்றை மாற்றும் வலிமையுடையது என்பதைக் காண்கிறார்.

4.4 அணங்கின் இடமாற்றம்

அமுதாவின் சாம்பல் கதைக்குள் வரும்போது, தமிழ்த் திகில் படங்களில் பழகிய பார்வையாளர் ஆவி புகுதலை எதிர்பார்ப்பர். ‘முனி’ (2007), ‘காஞ்சனா’ (2011) முதலிய படங்களில் தீங்கிழைக்கப்பட்டு இறந்தோரின் ஆவி நாயகனின் உடலில் புகுந்து நீதி தேடுகிறது. ஒருவர் உடலை மற்றொருவர் இயக்கும் அவ்வமைப்பு, விளையாடுவோர் கதைமாந்தரை இயக்கும் முறையோடு ஒப்புமையுடையது என்பதும் குறிக்கத்தக்கது. ‘கேம் ஓவர்’ அவ்வழியைத் தேர்வதில்லை. இறந்த பெண் உயிரோடிருக்கும் பெண்ணை இயக்கவில்லை. அவளுக்கு வாய்ப்புகளைத் தருகிறாள். அணங்கு இங்கு அச்சத்தின் களமன்று, துணை. அச்சத்தின் களம் கள்வர், அதாவது உள்நுழையும் மனிதர். பழிக்கும் பெற்றோரும் சுற்றமும் தம் இறை என்னும் களத்தை நினைவூட்டுகின்றனர். பேய்ப்படம் காண வந்தோரிடம், பேயினும் அஞ்சத்தக்கது எது என்னும் வினாவை வகைப்பாட்டு மாற்றத்தின் வழியே இப்படம் வைக்கிறது.

4.5 எஞ்சும் சிக்கல்கள்

இத்தழுவல் குறையற்றதன்று. மூன்று உயிர்கள் என்று எண் அறிவிக்கப்பட்டவுடன், முதலிரண்டு உயிர்களின் இழப்பு பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. விளையாட்டில் முதல் உயிரிலேயே வெல்லும் வாய்ப்பு உண்மையில் உள்ளது. திரைக்கதையில் அது இல்லை. திறந்த விதி இங்கு மூடிய வரிசையாகிறது.

இதனினும் ஆழமான சிக்கல் அறம் சார்ந்தது. கொலையாளிகளின் தாக்குதலுக்கு மூன்று வாய்ப்புகள் தரப்படுகின்றன. ஓராண்டுக்கு முன் நிகழ்ந்த வன்முறைக்கு வாய்ப்பு எதுவும் இல்லை. கடந்ததை மீள ஆட இயலாது என்பதைப் படம் ஏற்றுக்கொள்வது அதன் நேர்மை. ஆயினும் துன்புற்றவர் இறுதியில் ‘வெல்ல’ வேண்டும் என்னும் விளையாட்டு நியதி, வெல்ல இயலாதோரின் நிலை என்ன என்னும் வினாவை விடையின்றி விடுகிறது. வெற்றியை முடிவாகக் கொள்ளும் வடிவத்தைத் துன்பத்தின் உருவகமாக்கும்போது இவ்விடர் தவிர்க்க இயலாதது. ஸ்வப்னா என்னும் பெயர் கனவைச் சுட்டுவதால், மூன்று உயிர்களையும் கனவாகக் கொள்ளும் வாசிப்பும் திறந்தே உள்ளது. அவ்வாசிப்பு இச்சிக்கலை ஓரளவு தணிக்கிறது, முற்றிலும் தீர்ப்பதில்லை.

‘அன்டில் டான்’ விளையாட்டின் (2015) திரைவடிவம் 2025இல் வெளிவந்தபோது, மாந்தர் இறந்து அதே இரவில் மீண்டும் விழிக்கும் அமைப்பை அது கையாண்டது. மூல விளையாட்டில் கதைமாந்தரின் இறப்பு மீளாதது. விளையாடுவோரின் தேர்வுகளே அவர்களின் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்தன. மூலக் கதையை விடுத்து, மீண்டும் ஆடுதல் என்னும் பொது அனுபவத்தை அத்திரைப்படம் தழுவியது. இவ்வுத்தியை ஆறாண்டுகளுக்கு முன்பே தமிழ்ப்படம் ஒன்று உளவியல் காரணத்தோடு கையாண்டிருப்பது ஒப்பீட்டு ஆய்வில் இடம்பெறத்தக்கது.

5. மதுரைச் சமவெளியின் விலக்குகளும் தழுவல் வாய்ப்பும்

முன்னுரையில் குறித்த கரித்துண்டு வழக்கம் தனித்ததன்று. உச்சிப்பொழுதில் தனியே புளியமரத்தடியில் நிற்றல் ஆகாது. இரவில் பின்னிருந்து பெயர்சொல்லி ஒருமுறை அழைத்தால் மறுமொழி கூறலாகாது. முனி ஓடும் வழியில் வீடு கட்டலாகாது. சிற்றூர்களில் வழங்கும் இத்தகைய விலக்குகள் ஒவ்வொன்றிலும் நான்கு உறுப்புகள் உள்ளன: இடம், பொழுது, செயல், விளைவு. நிலமும் பொழுதும் முதற்பொருளாகும் தமிழ்க் கவிதையியலுக்கு இவ்வமைப்பு அயலானதன்று. விளையாட்டு வடிவமைப்புக்கும் இதே நான்கு உறுப்புகள் அடிப்படை.

இவ்விலக்குகளைக் கேட்போரின் நிலையும் கருதத்தக்கது. கொட்டாம்பட்டி போன்ற ஊரில் மாலையில் தேநீர்க்கடையில் முனியைப் பற்றிக் கேட்பவர், அன்றிரவே கண்மாய்க்கரை வழியாக வீடு திரும்ப வேண்டியவராக இருக்கலாம். அவர் கதையின் காண்போர் மட்டும் அல்லர். சற்றுநேரத்தில் அதன் விதிக்கு உட்படப்போகிறவர். நடை விரைவதும் திரும்பிப் பாராதிருப்பதும் அவர் கையில் உள்ளன. வாய்மொழி மரபில் சத்துவச் சுழற்சி அறுபடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. அவ்வகையில் நாட்டார் அச்ச மரபு திரைப்படத்தினும் விளையாட்டுக்கே நெருக்கமானது.

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சன்னிதி மற்றொரு வாய்ப்பைக் காட்டுகிறது. அங்கு வழிபடப்படுவது மூடிய கதவு. சுற்றுவட்டார மக்கள் வழக்குகளையும் கொடுக்கல் வாங்கல் பிணக்குகளையும் அப்படிகளில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் மரபு உண்டு. அக்கதவின்முன் அஞ்ச வேண்டியவர் பொய்யுரைப்பவரே. அணங்கும் தம் இறையும் ஓரிடத்தில் இணையும் இவ்வச்சம், உருவத்தைக் காட்டிப் பெறுவதன்று. கதவு மூடியிருப்பதாலேயே பெறுவது. திகில் ஆக்கங்கள் பெரும்பாலும் கதவைத் திறந்து காட்ட விரைகின்றன. திறவாத கதவின்முன் ஒருவர் தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்கும் நிலை, விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் ஒருங்கே உரிய களமாகும்.

இம்மரபைத் திரைக்கோ விளையாட்டுக்கோ கொண்டுசெல்வோர் முனியின் உருவத்தையும் கருப்பின் அரிவாளையும் மட்டும் எடுத்தால், ‘ரெசிடென்ட் ஈவில்’ தழுவலின் குறையே மீளும். கடவுள் உருவத்தைப் பேயுருவாகத் திரிக்கும் பிழையும் அதனோடு சேரும். எடுக்கத்தக்கது விலக்கு, வினவத்தக்கது அவ்விலக்கு எவ்வுறவைக் காக்கிறது என்பது. இரவில் ஒருமுறை அழைத்தால் மறுமொழி கூறாதே என்னும் விலக்கு, அழைப்பவர் யார் என்று உறுதிசெய்யாமல் கதவு திறக்காதே என்னும் காப்புணர்வையும் கொண்டுள்ளது. உண்மையில் உதவி நாடி ஒருமுறை மட்டும் அழைக்க இயன்றவரை அவ்விலக்கு கைவிட்டுவிடவும் கூடும். விதி இரு பக்கமும் வெட்டும் இவ்விடத்தில்தான் திகில் தொடங்குகிறது.

6. முடிவுரை

நெட்ஃபிளிக்ஸின் ‘பேண்டர்ஸ்னாட்ச்’ (2018) போன்ற ஊடாட்டத் திரைப்படங்கள், பார்வையாளரையே தேர்ந்தெடுக்கச் செய்து இவ்விடைவெளியை மூட முயன்றன. தேர்வு பார்வையாளரிடம் வந்தது. ஆனால் இரு சொற்களுள் ஒன்றைத் தொடுவதற்கு விரல் நடுங்க வேண்டியதில்லை. எனவே ஊடாட்டம் மட்டுமே தீர்வாகாது. இக்கட்டுரையின் ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. மெய்ப்பாட்டியல் உரைகள் கூறும் நான்கு நிலைகளில் சத்துவம் இறுதியானது. திகில் விளையாட்டில் அது அடுத்த நிகழ்வின் காரணமாகிச் சுழல்கிறது. திரைப்படத் தழுவலில் முதலில் அறுபடுவது இச்சுழற்சி.

2. விளையாட்டின் மாந்தரையும் காட்சியையும் காத்து விதியை விடும் தழுவல், பெயரளவில் நெருங்கியும் அச்சத்தில் விலகியும் நிற்கிறது. விதிக்கு வரலாற்றிலோ அறத்திலோ உளவியலிலோ இணை காணும் தழுவல், கதையில் விலகியும் அச்சத்தில் நெருங்குகிறது. ‘டிடென்ஷன்’, ‘எக்சிட் 8’, ‘கேம் ஓவர்’ ஆகியன முறையே இம்மூன்றுக்கும் சான்று.

3. ‘கேம் ஓவர்’ விளையாடுவோரின் நினைவைக் கதைமாந்தர்க்கு மாற்றி, ஆட்சியற்ற மீள்வை ஆட்சியுள்ள மீள்வாக்குகிறது. அணங்கைத் துணையாக்கிக் கள்வரை அச்சக் களமாக்குகிறது. வெற்றியை முடிவாகக் கொள்வதன் அறச்சிக்கல் அதில் எஞ்சுகிறது.

4. மதுரைச் சமவெளியின் விலக்குகள், இடம், பொழுது, செயல், விளைவு என்னும் அமைப்பால் விளையாட்டு விதிகளை ஒத்தவை. அவற்றைத் தொகுப்போர் கதைகளைப் பதிவதோடு நில்லாமல், விலக்குகளைத் தனியே பதிவதும், அவை இன்று எவ்விடங்களில் கடைப்பிடிக்கப்படுகின்றன, எவ்விடங்களில் தளர்ந்துள்ளன எனக் குறிப்பதும் பயன்தரும்.

கரித்துண்டை வைத்து எடுத்துச்செல்லும் கைக்கு, அதை வைக்காமல் விடும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை இருக்கும்வரையே அவ்வழியில் அச்சமும் இருக்கும். திகில் விளையாட்டைத் திரைக்குக் கொணர்வோர் அக்கையை இழக்கிறார்கள். அது சுமந்த பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைப்பதே அவர்கள்முன் உள்ள பணி.